காற்றுப்பை அமைப்புப் பழுதறிதல்

காற்றுப்பை அமைப்புப் பழுதறிதல் என்பது, மகிழுந்தில் மோதலின்போது பயணிகளைக் காக்கும் காற்றுப்பை, இருக்கைப் பட்டை இறுக்கி, மோதல் உணரி, கட்டுப்பாட்டகம் ஆகியவை அடங்கிய அமைப்பில் ஏற்படும் குறைபாட்டின் இடத்தையும் காரணத்தையும் கண்டறியும் செயல்முறை ஆகும். மகிழுந்தின் பெரும்பாலான அமைப்புகளை இயக்கிப் பார்த்தே சோதிக்கலாம். நிறுத்தியை மிதித்தால் அதன் நிலை தெரியும். விளக்கைப் போட்டால் அது எரிகின்றதா என்பது தெரியும். காற்றுப்பையை அவ்வாறு இயக்கிப் பார்க்க இயலாது. அது ஒரே ஒருமுறை விரிவதற்காக உருவாக்கப்பட்டது. எனவே அது தேவையான நேரத்தில் விரியுமா என்பதற்கு வாகன உரிமையாளருக்குக் கிடைக்கும் அன்றாடச் சான்று, கருவித்தட்டில் உள்ள எச்சரிக்கை விளக்கு ஒன்றே ஆகும். அந்த விளக்கு சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்வதும், அது பொய் சொல்லாதவாறு காப்பதும் இப்பழுதறிதலின் அடிப்படைகள் ஆகும்.

மலைப்பாதைகளிலும் விரைவு நெடுஞ்சாலைகளிலும் பயணம் செய்வோருக்கு இதன் முக்கியத்துவம் அதிகம். தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் உள்ள தொப்பூர் கணவாய் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். அங்கு நிகழும் விபத்துகளின் தன்மை, காற்றுப்பை விரியாமல் போவது எப்போது பழுது, எப்போது பழுதன்று என்ற வினாவையும் எழுப்புகின்றது.

வரலாறு

மகிழுந்துக்கான காற்று மெத்தை பற்றிய கருத்துக்கு 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் என்பவரும், செருமனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு பையைப் போதிய வேகத்தில் நிரப்ப இயலாததாலும், மோதலை நம்பகமாக உணரும் கருவி இல்லாததாலும் அவை நடைமுறைக்கு வரவில்லை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் பிரீட் உருவாக்கிய மோதல் உணரி இக்குறையைப் போக்க உதவியது. 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சில வகை மகிழுந்துகளில் காற்றுப்பையைப் பொருத்தி விற்றது. 1981இல் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் தன் எஸ் வகுப்பு மகிழுந்தில் காற்றுப்பையையும் இருக்கைப் பட்டை இறுக்கியையும் இணைத்து வழங்கியது. காற்றுப்பை இருக்கைப் பட்டைக்கு மாற்று அன்று, அதற்குத் துணை என்ற இன்றைய அணுகுமுறை இதன் பின்னரே நிலைபெற்றது.

இந்தியாவில் நீண்டகாலம் காற்றுப்பை விலை உயர்ந்த வகைகளில் மட்டும் கிடைத்தது. ஏ.ஐ.எஸ். 145 தரத்தின்படி ஜூலை 1, 2019 முதல் புதிய மகிழுந்துகளில் ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயமானது. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை, புதிய வகைகளுக்கு ஏப்ரல் 1, 2021 முதல் கட்டாயமானது. ஏற்கனவே விற்பனையில் இருந்த வகைகளுக்கு அளிக்கப்பட்ட காலக்கெடு பின்னர் டிசம்பர் 31, 2021 வரை நீட்டிக்கப்பட்டது. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கை 2022இல் வெளியானது. ஆயினும் அது கட்டாயமாக்கப்படாது என 2023இல் ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். இதனால் பழைய மகிழுந்துச் சந்தையில் காற்றுப்பை இல்லாதவை, ஒன்று உள்ளவை, இரண்டு உள்ளவை, ஆறு உள்ளவை என எல்லா வகை வாகனங்களும் காணப்படுகின்றன. பழுதறிதலின் முதற்படியே குறிப்பிட்ட வாகனத்தில் எத்தனை காற்றுப்பைகள், எங்கெங்கு உள்ளன என்பதை அறிவதாகும்.

அமைப்பின் பகுதிகள்

பழுதைப் புரிந்துகொள்ளப் பின்வரும் பகுதிகளை அறிந்திருத்தல் வேண்டும்.

* கட்டுப்பாட்டகம்: பெரும்பாலும் மகிழுந்தின் நடுப்பகுதியில், பல்லிணைக் கோலுக்கு அருகே தரையுடன் இறுக்கப்பட்டிருக்கும். வேகக்குறைவை அளக்கும் உணரி இதனுள்ளேயே இருக்கும். மோதலில் மின்கலம் துண்டிக்கப்பட்டாலும் இயங்குவதற்காக இதனுள் மின்தேக்கி ஒன்று மின்னாற்றலைச் சேமித்து வைத்திருக்கும்.
* மோதல் உணரிகள்: வாகனத்தின் முன்பகுதியிலும், பக்கக் காற்றுப்பைகள் இருப்பின் கதவுத் தூண்களிலும் அமைந்திருக்கும்.
* வளிம உருவாக்கி: பைக்குப் பின்னால் உள்ள உலோகக் கூடு. முற்காலத்தில் இதில் சோடியம் அசைடு பயன்பட்டது. அது சிதையும்போது வெளிவரும் நைட்ரசன் வளிமம் பையை நிரப்பியது. பிற்காலத்தில் நச்சுத்தன்மை குறைந்த வேறு எரிபொருட்கள் பயன்பாட்டுக்கு வந்தன.
* பற்றவைப்பான்: வளிம உருவாக்கியைத் தூண்டும் சிறு மின்கருவி. இதன் மின்தடை ஏறத்தாழ 2 ஓம் மட்டுமே.
* சுருள் வடம்: பணிமனைகளில் கிளாக் ஸ்பிரிங் எனப்படுவது. சுழலும் ஸ்டீயரிங் சக்கரத்தையும் நிலையான கம்பித்தொகுதியையும் இணைக்கும் தட்டையான நாடா வடம். ஒலிப்பான், ஸ்டீயரிங் மேலுள்ள பொத்தான்கள் ஆகியவற்றின் இணைப்புகளும் இதன் வழியே செல்லும்.
* பட்டை இறுக்கி: மோதலின் தொடக்கத்தில் இருக்கைப் பட்டையை உடலோடு இறுக்கும். இதிலும் பற்றவைப்பான் உண்டு.

காற்றுப்பைக்குச் செல்லும் கம்பிகளும் இணைப்பிகளும் பொதுவாக மஞ்சள் நிறத்தில் அமைக்கப்படுகின்றன. மஞ்சள் நிறம் கண்ட இடத்தில் கம்பியை வெட்டுதல், ஒட்டுதல், வேறு கருவிக்கு மின்சாரம் எடுத்தல் கூடாது என்பதற்கான அடையாளமே அது.

மோதல் நிகழ்ந்தபின் விரிக்கலாமா என்பதைக் கட்டுப்பாட்டகம் சில பத்து மில்லி நொடிகளுக்குள் முடிவு செய்கின்றது. பை முழுமையாக நிரம்ப ஏறத்தாழ 30 மில்லி நொடிகள் ஆகும். கண் இமைக்கும் நேரத்தை விட இது குறைவு.

எச்சரிக்கை விளக்கு

சாவியைத் திருப்பியவுடன் கட்டுப்பாட்டகம் ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி மின்தடையை அளக்கின்றது. அளவு சரியாக இருப்பின் விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும். வாகனம் ஓடும்போதும் இச்சோதனை தொடர்கின்றது. விளக்கின் நடத்தையைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* எரிந்து, சில நொடிகளில் அணைகின்றது: மின்சுற்றில் பழுது காணப்படவில்லை.
* அணையாமல் எரிகின்றது: பழுது உள்ளது. பல வாகனங்களில் ஒரு சுற்றில் பழுது இருந்தாலும் முழு அமைப்பும் செயலிழக்கக்கூடும்.
* ஓட்டும்போது எரிந்து, பின்னர் அணைகின்றது: தளர்ந்த இணைப்பி, தேய்ந்த சுருள் வடம், மின்னழுத்தக் குறைவு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.
* எரிவதே இல்லை: இதுவும் பழுதே. விளக்கு கெட்டிருக்கலாம், அல்லது பழுதை மறைக்க எவரேனும் அகற்றியிருக்கலாம். காற்றுப்பை இல்லாத வகையாக இருப்பின் விளக்கும் இருக்காது.

நான்காவது நிலையே பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. விளக்கு எரியவில்லை என்பதால் பழுது இல்லை எனக் கருதுவது தவறு. முதலில் எரிந்து, பிறகு அணைவதே நலமான நிலையின் அடையாளம் ஆகும்.

முன்னிருக்கைப் பயணியின் காற்றுப்பை நிறுத்தப்பட்டுள்ளதைக் காட்டும் விளக்கு வேறு. குழந்தை இருக்கையைப் பின்னோக்கிப் பொருத்தும்போது அக்காற்றுப்பையை நிறுத்த உதவும் சாவி சில வாகனங்களில் உண்டு. அதனால் எரியும் விளக்கு பழுது அன்று.

பழுதறியும் முறை

1. முன்விவரம் கேட்டல்

விளக்கு எப்போது எரியத் தொடங்கியது என்பதே முதல் வினா. அதற்குச் சற்று முன்னர் நிகழ்ந்த வேலை பல வேளைகளில் காரணத்தைக் காட்டிவிடும். மின்கலம் மாற்றியது, இருக்கை உறை தைத்தது, பாட்டுக் கருவி பொருத்தியது, ஸ்டீயரிங் கழற்றியது, வாகனத்தைக் கழுவியது, வெள்ளநீரில் ஓட்டியது, பல நாட்கள் நிறுத்தி வைத்தது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு திசையைச் சுட்டும். நீண்ட நாள் நிறுத்தப்பட்ட வாகனத்தில் எலி கம்பியைக் கடித்திருக்க வாய்ப்பு உண்டு.

2. மின்கலத்தைச் சோதித்தல்

வலுவிழந்த மின்கலம், இயந்திரத்தைக் கிளப்பும் நொடியில் மின்னழுத்தத்தை மிகவும் தாழ்த்தும். அதனால் பழுதுக் குறி பதிவாகி விளக்கு எரியலாம். எளிய இக்காரணத்தை முதலில் நீக்கிக்கொண்டால் தேவையற்ற வேலை குறையும்.

3. பழுதுக் குறிகளைப் படித்தல்

ஓட்டுநரின் கால்பகுதிக்கு மேலே உள்ள பழுதறி இணைப்பியில் ஸ்கேனர் எனப்படும் வாசிப்பானைச் செருகிக் குறிகளைப் படிக்கலாம். குறியின் முதலெழுத்து அது இயந்திரம், உடற்கூடு, அடிச்சட்டம், கருவிகளுக்கு இடையிலான தொடர்பு ஆகிய நான்கனுள் எதைச் சார்ந்தது என்பதைக் காட்டும். காற்றுப்பைக் குறிகள் பெரும்பாலும் உடற்கூட்டு வகையைச் சார்ந்தவை. விலை குறைந்த வாசிப்பான்கள் பல, இயந்திரம் சார்ந்த குறிகளை மட்டுமே படிக்கும். அவற்றில் "பழுது இல்லை" எனக் காட்டுவது காற்றுப்பை நலமாக உள்ளது என்று பொருள்படாது. காற்றுப்பைக் கட்டுப்பாட்டகத்துடன் உரையாடக்கூடிய வாசிப்பான் தேவை.

எல்லாக் குறிகளையும் எழுதிக்கொண்ட பின்னரே அழிக்க வேண்டும். தற்போதுள்ள பழுது, முன்னர் நிகழ்ந்து மறைந்த பழுது என இரு வகையாக அவை பதிவாகியிருக்கும். அழித்தவுடன் மீண்டும் தோன்றுவது தற்போதைய பழுது. மறைந்த பழுதே கண்டறியக் கடினமானது; அதன் பதிவை அவசரப்பட்டு அழிப்பது, கைக்குக் கிடைத்த ஒரே தடயத்தை அழிப்பதாகும்.

4. குறியைப் பொருள் கொள்ளல்

ஒரு காற்றுப்பைச் சுற்றில் நான்கு வகைக் குறிகள் தோன்றலாம்: மின்தடை மிகுதி, மின்தடைக் குறைவு, தரையுடன் குறுக்குச் சுற்று, மின்கலத்துடன் குறுக்குச் சுற்று. "ஓட்டுநர் காற்றுப்பை, மின்தடை மிகுதி" என்ற குறியைக் கண்டு காற்றுப்பையையே மாற்றுவது பரவலான தவறு ஆகும். அக்குறி காற்றுப்பையை அன்று, கட்டுப்பாட்டகத்திலிருந்து காற்றுப்பை வரை சென்று திரும்பும் முழுச் சுற்றையும் குறிக்கின்றது. பற்றவைப்பானின் மின்தடையே 2 ஓம் அளவுதான் என்பதால், துருப்பிடித்த இரு இணைப்பி ஊசிகள் ஒவ்வொன்றும் ஓர் ஓம் சேர்த்தாலே சுற்றின் அளவு இரட்டிப்பாகிவிடும். விலையுயர்ந்த பகுதி நலமாக இருக்க, சில ரூபாய் மதிப்புள்ள இணைப்பில் பழுது இருப்பது இதனாலேயே ஆகும்.

5. மின்சாரத்தைத் துண்டித்தல்

எந்த மஞ்சள் இணைப்பியையும் தொடும் முன் சாவியை அகற்றி, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். அதன்பிறகு கட்டுப்பாட்டகத்தின் மின்தேக்கி வடியும்வரை காத்திருக்க வேண்டும். இந்நேரம் வாகனத்தைப் பொறுத்து ஒரு நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை வேறுபடும். வாகனத்தின் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும்.

6. கண்ணால் சோதித்தலும் பதிலீடும்

இருக்கைக்கு அடியிலுள்ள இணைப்பிகள், முன் உணரிகளின் இணைப்பிகள், சுருள் வடம் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. அதன்பின் ஐயத்துக்குரிய காற்றுப்பையைக் கழற்றி, அதன் இடத்தில் அதே அளவு மின்தடையுள்ள சோதனைக் கருவியை இணைத்துக் குறியை மீண்டும் படிக்கலாம். குறி மறைந்தால் பழுது காற்றுப்பையில் உள்ளது. மறையாவிட்டால் கம்பியிலோ சுருள் வடத்திலோ கட்டுப்பாட்டகத்திலோ உள்ளது. ஒவ்வொரு இணைப்பியாகப் பின்னோக்கிச் சென்று பழுதின் எல்லையைக் குறுக்கலாம்.

7. சரிபார்த்தல்

எல்லாவற்றையும் இணைத்தபின், வாகனத்தினுள் எவரும் இல்லாத நிலையில் மின்கலத்தை இணைப்பதும், காற்றுப்பைக்கு நேரே உடலை வைக்காமல் சாவியைத் திருப்புவதும் பாதுகாப்பான நடைமுறை. குறிகளை அழித்து, விளக்கு எரிந்து அணைவதைக் காண வேண்டும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பியும், இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்தியும், சிறிது தூரம் ஓட்டியும் குறி மீண்டும் தோன்றவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.

அடிக்கடி காணப்படும் பழுதுகள்

சுருள் வடம் அறுதல்: காற்றுப்பை விளக்குடன் ஒலிப்பானும் ஸ்டீயரிங் பொத்தான்களும் சேர்ந்தே செயலிழந்தால் சுருள் வடத்தின் மீது ஐயம் கொள்ளலாம். ஸ்டீயரிங் வேலை செய்தபின் வடத்தை நடுநிலையில் வைக்காமல் பொருத்தினால், ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பும்போது அது அறுந்துவிடும்.

இருக்கைக்கு அடியில் இணைப்பு தளர்தல்: இருக்கையை நகர்த்துவதாலும், அடியில் பொருட்களைத் திணிப்பதாலும் நிகழ்கின்றது. இருக்கையை நகர்த்தும்போது விளக்கு எரிந்து அணைந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

இருக்கை உறை: இருக்கையின் பக்கவாட்டிலிருந்து விரியும் காற்றுப்பையை, அதற்கென வடிவமைக்கப்படாத உறை தடுக்கும். மின்சுற்றில் எக்குறையும் இல்லாததால் விளக்கு இதைக் காட்டாது.

முன் தடுப்புக் கம்பி: அழகுக்காகவும் சிறு இடிகளைத் தாங்கவும் பொருத்தப்படும் இக்கம்பிகள் மோதலின் விசை உணரிகளைச் சென்றடையும் முறையை மாற்றிவிடக்கூடும். இவற்றுக்கு எதிராக மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டுமென ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் டிசம்பர் 2017இல் அறிவுறுத்தியது.

நீர் புகுதல்: கட்டுப்பாட்டகம் தரையோடு இருப்பதால், வெள்ளநீர் புகுந்த வாகனங்களில் அது துருப்பிடித்து, பல வாரங்கள் கழிந்த பின்னரும் பழுதாகலாம்.

செய்யக்கூடாதவை

காற்றுப்பையின் இணைப்பியில் சோதனை விளக்கையோ, மின்தடை அளக்கும் சாதாரண மானியையோ நேரடியாக வைக்கக் கூடாது. பரவலாகப் பயன்படும் பற்றவைப்பான் வகையொன்று 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லி நொடிகள் பாய்ந்தாலே பற்றிக்கொள்ளும். 12 வோல்ட்டு மின்கலத்துடன் தொடராக இணைக்கப்படும் 21 வாட்டு விளக்கு ஒன்று ஏறத்தாழ 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். வேறு மின்சுற்றுகளில் தீங்கற்ற சோதனை, இங்கு முகத்துக்கு நேரே பை வெடித்து விரியக் காரணமாகிவிடும்.

சுருள் வடத்தையும் கம்பிகளையும் தனியே அளக்கும்போது வேறொரு குழப்பம் நேரலாம். மஞ்சள் இணைப்பியைக் கழற்றியவுடன் அதனுள் உள்ள சிறு உலோகத் தகடு இரு முனைகளையும் தானாகவே ஒன்றோடொன்று இணைத்துவிடும். நிலைமின்னால் பை விரிவதைத் தடுக்கும் காப்பு இது. இதை அறியாதவர் மானியில் ஏறத்தாழச் சுழியம் ஓம் காட்டுவதைக் கண்டு கம்பி குறுக்குச் சுற்றாகிவிட்டது எனத் தவறாக முடிவு செய்யக்கூடும்.

கழற்றிய காற்றுப்பையை அதன் அழகு மூடி மேல்நோக்கி இருக்குமாறு, தனியான இடத்தில் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து, அது விரிய நேர்ந்தால் கூடு முழுவதும் மேலே எறியப்படும்.

மறைக்கப்படும் பழுது

விபத்தில் விரிந்த காற்றுப்பைகளையும், பட்டை இறுக்கிகளையும், பல வாகனங்களில் கட்டுப்பாட்டகத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். இச்செலவைத் தவிர்க்க, காற்றுப்பை இருந்த இடத்தில் 2 ஓம் அளவுள்ள மின்தடையை மட்டும் இணைத்து, மேல் மூடியை ஒட்டி விற்கும் முறைகேடு உலகின் பல நாடுகளில் அறியப்பட்டுள்ளது. கட்டுப்பாட்டகம் மின்தடையை மட்டுமே அளப்பதால் அது ஏமாறுகின்றது. விளக்கு முறைப்படி எரிந்து அணைகின்றது. வாசிப்பானும் பழுது காட்டுவதில்லை. ஆனால் உள்ளே காற்றுப்பை இல்லை.

பழுதறிவோர் பதிலீட்டுச் சோதனைக்குப் பயன்படுத்தும் அதே மின்தடைதான் இங்கு ஏமாற்றுக் கருவியாகின்றது. சோதனைக்குப்பின் அது அகற்றப்பட வேண்டும் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. பழைய மகிழுந்து வாங்குவோர் ஸ்டீயரிங் மூடியின் நிற வேறுபாடு, கருவிப்பலகையில் ஒட்டிய தடம், புதிதாக மாற்றிய இருக்கைப் பட்டை ஆகியவற்றைக் கவனிப்பதோடு, காப்பீட்டு இழப்பீட்டு வரலாற்றையும் கேட்டறிவது நன்று. ஐயம் இருப்பின் மூடியைக் கழற்றிப் பார்க்கும் சோதனையைத் தகுதியுள்ள பணிமனையில் செய்விக்க வேண்டும்.

விளக்கு காட்டாத பழுதுகள்

முறைகேடு இல்லாத வாகனங்களிலும் விளக்கின் அறிவுக்கு எல்லை உண்டு. சப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த வளிம உருவாக்கிகளில் அம்மோனியம் நைட்ரேட்டு பயன்படுத்தப்பட்டது. நீண்டகால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் அது சிதைந்து, விரியும்போது உலோகக் கூட்டையே உடைத்துத் துண்டுகளைப் பயணிகள் மீது வீசியது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி உருவாக்கிகள் திரும்பப் பெறுதலுக்கு உட்பட்டன. இந்தியாவிலும் பல நிறுவனங்கள் வாகனங்களைத் திரும்பப் பெற்றன. தகாட்டா 2017இல் திவால் பாதுகாப்புக் கோரியது. வேதிப்பொருள் சிதைந்தாலும் பற்றவைப்பானின் மின்தடை மாறுவதில்லை என்பதால், இப்பழுதை எந்த விளக்கும் எந்த வாசிப்பானும் காட்ட இயலாது.

2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் திரும்பப் பெற்ற வாகனங்களில் குறை காற்றுப்பையில் இல்லை, சாவி நிலைமாற்றியில் இருந்தது. ஓடும்போது அது தானே நிலைமாறி மின்சாரத்தைத் துண்டித்ததால் காற்றுப்பைகள் விரியவில்லை. இக்குறையால் நேர்ந்த 124 இறப்புகளுக்கு இழப்பீடு ஏற்கப்பட்டது.

இந்தியாவில் ஜனவரி 2023இல் மாருதி சுசூக்கி நிறுவனம் காற்றுப்பைக் கட்டுப்பாட்டகத்தைச் சோதித்து மாற்றுவதற்காக 17,362 வாகனங்களைத் திரும்பப் பெற்றது. இத்தகைய குறைகளை அறிய ஒரே வழி, வாகனத்தின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் திரும்பப் பெறுதல் பட்டியலில் தேடுவதே ஆகும். குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனங்கள் திருத்தச் சட்டம், 110ஏ பிரிவின் மூலம் ஒன்றிய அரசுக்கு வழங்கியது.

விரியாத காற்றுப்பை: பழுதா, இயல்பா?

விபத்துக்குப்பின் காற்றுப்பை விரியவில்லை எனில் அது பழுது என்றே பலரும் கருதுகின்றனர். முன் காற்றுப்பைகள் முன்புறத்திலிருந்து வரும் போதிய அளவு மோதலுக்கு மட்டுமே விரியுமாறு அமைக்கப்பட்டவை. பின்னாலிருந்து வரும் இடி, பக்கவாட்டு மோதல், உருண்டு கவிழ்தல் ஆகியவற்றில் அவை விரியாமலிருப்பது இயல்பாக இருக்கலாம்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே, பழைய 7ஆம் எண்ணும் இன்றைய 44ஆம் எண்ணும் கொண்ட தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள தொப்பூர் கணவாய் இதை விளக்க உதவும். சேலம் நோக்கி இறங்கும் சரிவில் கனரக சரக்குந்துகள் நிறுத்தியின் கட்டுப்பாட்டை இழந்து முன்செல்லும் வாகனங்கள் மீது மோதுவது அங்கு மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது. டிசம்பர் 12, 2020 அன்று சரக்குந்து ஒன்று நெரிசலில் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியதில் உயிரிழப்புகள் ஏற்பட்டன. ஜனவரி 24, 2024 அன்று நிகழ்ந்த தொடர் மோதலில் நான்கு பேர் இறந்தனர்.

இத்தகைய தொடர் மோதல்களில் ஒரு மகிழுந்து முதலில் பின்னாலிருந்து இடிபட்டு, பின்னர் முன்னால் உள்ள சரக்குந்தின் அடியில் தள்ளப்படலாம். முதல் இடிக்கு முன் காற்றுப்பை விரிவதில்லை. இரண்டாவதில், மகிழுந்தின் முகப்பு சரக்குந்தின் தளத்துக்குக் கீழே நுழைந்துவிடுவதால் முன் உணரிகளும் உறுதியான சட்டமும் மோதலை முழுமையாக ஏற்பதில்லை, மேற்பகுதியே நொறுங்குகின்றது. ஆகவே அமைப்பில் பழுது இல்லாத நிலையிலும் பை தாமதமாக விரியலாம் அல்லது விரியாமல் போகலாம். சரிவுப் பாதையில் முன்செல்லும் சரக்குந்திலிருந்து போதிய இடைவெளி விடுவதும், பின்னிருக்கையினர் உட்பட அனைவரும் இருக்கைப் பட்டை அணிவதும் காற்றுப்பையால் ஈடுசெய்ய இயலாத பாதுகாப்புகள் ஆகும்.

இருக்கைப் பட்டை அணியாவிட்டால் காற்றுப்பை விரியாது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பொதுவிதி அன்று. பட்டை அணியாதவர் மீதும் பை விரியும். ஆனால் அவர் முன்னோக்கி வீசப்பட்டுப் பைக்கு மிக அருகில் இருக்கும்போது அது விரிவதால், பையே காயம் விளைவிக்கக்கூடும்.

உண்மை எதுவென அறிய, விபத்துக்குப்பின் கட்டுப்பாட்டகத்தைப் படிக்க வேண்டும். மோதலுக்கு முன்பே பழுதுக் குறி இருந்ததா, வேகக்குறைவு எவ்வளவு, பட்டைகள் பூட்டப்பட்டிருந்தனவா, விரிப்பு ஆணை பிறந்ததா ஆகிய விவரங்கள் பல வாகனங்களில் பதிவாகின்றன. வாகனத்தைச் சீர்செய்யும் முன்பே இப்பதிவைப் பெற்று வைப்பது காப்பீட்டுக்கும் வழக்குக்கும் இன்றியமையாதது ஆகும்.

சட்ட நிலை

நவம்பர் 2017இல் தில்லி–பானிப்பட்டு நெடுஞ்சாலையில் நிகழ்ந்த விபத்தொன்றில் மகிழுந்தின் முன் காற்றுப்பைகள் விரியவில்லை. உரிமையாளர் தொடுத்த வழக்கில் நுகர்வோர் ஆணையங்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏப்ரல் 20, 2022 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்பதும், முன்புறம் கடுமையாகச் சேதமடைந்த நிலையில் பை விரியாததே குறைபாட்டைப் புலப்படுத்தும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம் ஆகும். எனினும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பழுது நீக்காமல் ஓட்டியதும், தகுதியற்ற இடத்தில் கம்பிகளைத் திருத்தியதும் உரிமையாளரின் கோரிக்கையை வலுவிழக்கச் செய்யக்கூடும். ஆதலால் விளக்கு எரிந்த நாள், பழுதுக் குறி, செய்த வேலை, மாற்றிய பகுதிகள் ஆகியவற்றுக்கான பற்றுச்சீட்டுகளைப் பாதுகாத்து வைப்பது பயனுடையது.

இவற்றையும் பார்க்கவும்

* காற்றுப்பை
* இருக்கைப் பட்டை
* தொப்பூர் கணவாய்
* தேசிய நெடுஞ்சாலை 44
* தருமபுரி மாவட்டம்